அவசரமறியாத கிதார்

செனகல் நாட்டுத் தலைநகரான டக்காரில் 1982ஆம் ஆண்டு ஒலிப்பதிவாகி, 1989இல் லண்டனிலுள்ள வேர்ல்ட் சர்க்யூட் நிறுவனத்தாரால் 'பைரேட்ஸ் சாய்ஸ்' என்னும் பெயரோடு வெளியிடப்பெற்று, 2001இல் மேலும் ஒரு தட்டுப் பாடல்களுடன் மறுபதிப்புக் கண்ட ஆர்கெஸ்ட்ரா பாவோபாப் குழுவினரின் சங்கீதத்தில், மேல்நாட்டு ரசிகர்களை வசீகரித்தது அதன் நிதானமே என்பது என் அபிப்பிராயம்.

'உத்ரு ஹோராஸ்' என்ற பாடலைக் கேளுங்கள். தாளக் கிதாரும் பாஸும் கியூபா நாட்டு நடையைச் சிறிதும் வழுவாமல் பிடித்துக்கொண்டிருக்க, பார்த்தெலமி அத்திஸோ தமது கிதாரில் ஒரு சுரத்தைத் தொட்டு, அதன் எதிரொலி அடங்குமட்டும் பொறுத்திருந்து, பிறகே அடுத்ததை நாடுகிறார். விரலோட்டத்தில் அவருக்குக் குறைவில்லை. எனினும், விட்ட இடைவெளிகளாலேயே லயத்தைக் காட்டுகிற துணிவு எல்லா வித்துவான்களுக்கும் வாய்ப்பதில்லை. இஸா சிசொக்கோவின் சாக்ஸபோன் சற்றே கரகரத்த குரலில் குறுக்கிடும்போதுதான் அந்த அமைதியின் அருமை புலப்படுகிறது.

இதெல்லாம் சாதகத்தின் பலன். டோகோவிலிருந்து சட்டம் படிக்க வந்து, கிதாரைத் தாமே கற்றுக்கொண்ட அத்திஸோவும் அவருடைய சகாக்களும், 1970இல் திறக்கப்பட்ட பாவோபாப் கிளப்பில், அதிகாரிகளும் அரசியல் பிரமுகர்களும் ஆடிக் களிக்க இரவுதோறும் வாசித்தவர்கள். கியூபப் பாட்டு, வொலொஃப் மொழிப் பாணர் மரபு, தென்பகுதியான கஸமான்ஸின் மெட்டு என்று கேட்டதையெல்லாம் கொடுத்தாக வேண்டியவர்கள். ஆடுகிறவர்களின் கால் களைக்காதபடி ஒரே நடையை நெடுநேரம் தாங்கும் பயிற்சி அங்கேதான் கிடைத்தது.

ஆனால் 1980களில் சபார் முழவுகள் அதிரும் வேகமான 'ம்பலாக்ஸ்' இசையும், அதன் நாயகரான யூசு என்தூரும் டக்கார் இளைஞர்களை ஆட்கொள்ளவே, பாவோபாபின் நிதானம் பழம்பாணியாகக் கருதப்பட்டது. குழு கலைந்தது, அத்திஸோ டோகோவின் லோமே நகருக்குத் திரும்பி, கிதாரை ஒதுக்கிவிட்டு வக்கீல் தொழிலில் அமர்ந்தார். மேல்நாட்டு விமரிசகர்கள் சிலர் புதையலைக் கண்டெடுத்தவர்கள்போல் எழுதுவதுண்டு. டக்கார்வாசிகள் ஆடித் தீர்த்த பாட்டு எப்போது புதைந்தது என்பதை அவர்கள்தாம் சொல்லவேண்டும். மறுபதிப்பு செய்த உண்மையான உபகாரம் வேறு: 2001இல் குழுவினர் மறுபடியும் கூடினர், மறு ஆண்டே வேர்ல்ட் சர்க்யூட் நிறுவனத்தின் நிக் கோல்டும், முன்பு இவர்களைப் பின்னுக்குத் தள்ளிய அதே யூசு என்தூரும் சேர்ந்து தயாரிக்க, 'ஸ்பெஷலிஸ்ட் இன் ஆல் ஸ்டைல்ஸ்' வெளிவந்தது. அதில் ஒலி துலக்கமானது, வாசிப்பும் பிசகில்லாதது. ஆயினும் எனக்கு 1982ஆம் ஆண்டின் தட்டே உசத்தி. அதில் அத்திஸோ அடுத்து எங்கே போவார் என்று முன்கூட்டி ஊகிக்க முடிவதில்லை.