கொடைக்கானல் சூரியனும் ஹெட்செட் விண்மீன்களும்

2023 செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலம் தன் இடத்தைச் சென்றடைந்தது 2024 ஜனவரி 6ஆம் தேதி. பூமியிலிருந்து தூரம் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். ஒளிக்கு ஐந்து நொடிப் பயணம். திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் கொடைக்கானல் அப்சர்வேட்டரியையும் நடத்துகிறது. நான்கு மாதம் பிடித்த அந்தத் தூரத்தை ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற கணினி விளையாட்டை ஆடுபவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார். இதை வைத்து விளையாட்டைக் கேலி செய்வது எளிது. ஆனால் மெய்நிகர் விண்பயணம் உண்மையாகவே சிலவற்றைக் கற்றுத்தருகிறது. கற்றுத்தரும்போதே எதை மறைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டின் மூத்த பிறவியான ‘எலைட்’ 1984இல் வந்தது. டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதியது. வெறும் கோடுகளால் ஆன கப்பல்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ராகேஷ் சர்மா சோயூஸ் கலத்தில் ஏறினார். முப்பது ஆண்டு கழித்து, 2014இல், பிரேபனின் ஃப்ரான்டியர் நிறுவனம் ‘எலைட் டேஞ்சரஸ்’ஸை வெளியிட்டபோது நம் பால்வீதி முழுவதும் அதன் உண்மை அளவிலேயே உள்ளே வந்துவிட்டது. சுமார் 40,000 கோடி விண்மீன் மண்டலங்கள். ஆண்டுக்கணக்காக ஆடியும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அதில் ஒரு விழுக்காட்டைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை.

சாதாரணத் திரையில் இந்தப் பிரம்மாண்டம் வெறும் எண்தான். ஹெட்செட்டில் அது உடம்புக்குத் தெரிகிறது. ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கப்பல் நேரே அந்த விண்மீனின் முன்னால்தான் வெளிப்படும். இருட்டாக இருந்த கண்ணாடிக்கு வெளியே, ஒரே நொடியில், பார்வை முழுவதையும் அடைத்துக்கொண்டு நெருப்புக் கோளம் நிற்கும். முதல்முறை பார்ப்பவர் நாற்காலியோடு பின்னால் சாய்வார். பூமியை விட நூறு மடங்குக்கும் மேல் அகலமானது சூரியன் என்று பாடப்புத்தகத்தில் படித்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அனுபவித்தவர் மறுக்கமாட்டார்.

இந்த மிரட்சிக்கு இரு கண் பார்வையின் ஆழம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. நம் கண்களுக்கு இடையே ஆறு சென்டிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. சில நூறு மீட்டருக்கு அப்பால் அதனால் பெரிய பயன் கிடையாது. வியாழனை இரண்டு கண்ணும் ஒரே படமாகத்தான் காணும். ஹெட்செட்டில் பக்கத்தில் இருப்பதாக உறைப்பது விமானி அறைதான்: கைப்பிடி, அளவுமானிகள், கண்ணாடிச் சட்டம். தலையை அசைத்தால் அவை இடம் மாறுகின்றன, வெளியே உள்ள கோள் அசையவே அசையாது. அசையாததால்தான் அது பெரிது என்று மூளை முடிவுகட்டுகிறது. நுட்பமான வேலை, பாராட்ட வேண்டியது.

இன்னொரு நல்ல விளைவு எதிர்பாராதது. கப்பலுக்கு எரிபொருள் வேண்டுமானால் விண்மீனை உரசியபடி பறந்து ஹைட்ரஜனை அள்ள வேண்டும். எல்லா விண்மீனிலும் அள்ள முடியாது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகைகளில் மட்டுமே முடியும். இந்த எழுத்துகளை மாற்றி அடுக்கி ‘கேஜிபி ஃபோம்’ என்று ஆட்டக்காரர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். வானியல் மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் நிறமாலை வகைப்பாடு அது. அதை மறந்தால் நடுவழியில் எரிபொருள் தீர்ந்து நிற்க வேண்டியதுதான் என்பதால் யாரும் மறப்பதில்லை.

ஆனால் நிறமாலையை வைத்து ஒரு விண்மீனைப் பற்றி என்னவெல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்பதற்குப் பழனி மலையில் வேறொரு கணக்கு இருக்கிறது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, பருவமழைக்கும் சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியின் நீட்சியாக வானியலாளர் மிக்கி ஸ்மித் தேர்ந்தெடுத்த இடம் கொடைக்கானல். கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் 1899இல் நிறுவப்பட்ட ஆய்வகம் 1901இல் கண்காணிப்பைத் தொடங்கியது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே ஒரு கரும்புள்ளியின் நிறமாலைக் கோடுகள் இலேசாக இடம் பெயர்ந்திருப்பதைக் கவனித்தார். புள்ளியின் விளிம்பில் வாயு வெளிப்புறமாக நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. உலகம் அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. அவர் சூரியனை நெருங்கவில்லை. 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, ஒரு மலையில் நின்றுகொண்டிருந்தார். ஹெட்செட் அணிந்தவரோ சூரியனின் மேல்பரப்பை உரசிவிட்டு வருகிறார். அவரது கப்பல் சூடாவதைத் தவிர அங்கே அவர் அறிந்துகொள்வது ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. விளையாட்டில் உள்ள 40,000 கோடி மண்டலங்களில் வானியலாளர்களின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை ஒன்றரை லட்சம் அளவுக்குத்தான். மற்றவை எல்லாம் கணினி, இயற்பியல் விதிகளை ஒட்டி, தானே புனைந்துகொண்டவை. புனைவு மோசமானதல்ல. ஆனால் உள்ளே போனவருக்குக் கண்டறியப்பட்டதும் ஊகிக்கப்பட்டதும் ஒரே கூர்மையோடு, ஒரே ஒளியோடு தெரிகின்றன. விவரம் அறிந்தவர் பெயரை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்: ‘எச்ஐபி’ என்று தொடங்கினால் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் பட்டியல், ‘எச்டி’ என்றால் ஹென்றி டிரேப்பர் பட்டியல். பெரும்பாலோருக்கு அந்த விவரம் தெரியாது, விளையாட்டும் சொல்லித்தருவதில்லை. கண்முன் நிற்பதை நம்புவது மனித இயல்பு. தட்டைத் திரையில் படமாகத் தோன்றியது, ஹெட்செட்டில் நேரில் பார்த்த நினைவாகப் பதிந்துவிடுகிறது.

பறக்கும் விதத்திலும் சிக்கல். ‘எலைட்’ கப்பலுக்கு உச்சவேகம் உண்டு. குறிப்பிட்ட வேகத்தில்தான் நன்றாகத் திரும்பும். இது விமானத்தின் குணம், விண்கலத்தின் குணமல்ல. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட் தங்கள் ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க முயன்றார். அதை நோக்கி உந்தினார். அது விலகிப் போனது. சுற்றுப்பாதையில் முன்னால் போகிற பொருளைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும். பயிற்சி பெற்ற விமானியின் உள்ளுணர்வே அங்கே தவறான வழியைக் காட்டியது. 2000இல் மார்ட்டின் ஷ்வைகர் இலவசமாக வெளியிட்ட ‘ஆர்பிட்டர்’, அதற்குப் பின் வந்த ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ இரண்டும் இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் ஆடுபவருக்குப் பழக்குகின்றன. விழுப்புரம் வீரமுத்துவேல் தலைமையிலான சந்திரயான்-3 ஏன் நேரே நிலவுக்குப் போகாமல் பூமியைச் சுற்றிச் சுற்றி உயர்ந்து, ஜூலை 14இல் கிளம்பி ஆகஸ்ட் 23இல் இறங்கியது என்பது கெர்பல் ஆடிய பள்ளிப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும். ‘எலைட்’டில் ஆயிரம் மணி நேரம் பறந்தவருக்குப் புரிய வேண்டிய அவசியமே வராது.

குமட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கு ஏறும் பேருந்தில் போனைப் பார்த்துக்கொண்டு வருபவர்தான் முதலில் ஜன்னல் பக்கம் பாய்வார். காது வளைவுகளை உணர்கிறது, கண் அசையாத திரையைக் காண்கிறது, இரண்டும் முரண்படுகின்றன. ஹெட்செட்டில் அதே முரண் தலைகீழாகிறது: கண் சுழல்கிறது, காது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. விமானி அறையின் அசையாத சட்டம் இதை ஓரளவு தணிக்கிறது. அதனால்தான் மெய்நிகர் உலகில் நடப்பதை விடப் பறப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. விண்வெளி வீரர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் சில நாள்கள் குமட்டல் இருக்கும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் விளையாட்டு தன்னை அறியாமலே யதார்த்தமாக இருக்கிறது.

நாசா மெய்நிகர்க் கருவியை விளையாட்டுக்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே எடுத்துக்கொண்டது. 1993இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்றவர்கள் அதில் ஒத்திகை பார்த்தார்கள். பெங்களூரில் ககன்யான் வீரர்களின் பயிற்சியிலும் மெய்நிகர் சிமுலேட்டர் உண்டு. ஆனால் இவர்கள் யாரும் ஹெட்செட்டை மட்டும் நம்புவதில்லை. கனம் கைக்குத் தெரிவதற்காக ஹூஸ்டனில் கயிறுகளால் இயங்கும் இயந்திரம் ஒன்றை அதனோடு இணைத்தார்கள். தண்ணீர்த் தொட்டி தனியாக உண்டு. எங்கே கண் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

விளையாட்டிலும் ஓரிடத்தில் தூரத்தின் உண்மை முகம் தெரியும். ஆல்ஃபா சென்டாரி மண்டலத்தில் ஹட்டன் ஆர்பிட்டல் என்ற நிலையம். கப்பல் வந்து வெளிப்படும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி. ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும், வழியில் எதுவுமே இல்லை. புதியவர்களை ஏமாற்றி அங்கே அனுப்புவது பழைய ஆட்டக்காரர்களின் குறும்பு. போய் வந்தவர்கள் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வடிவமைப்பாளர்கள் திட்டமிட்டதோ இல்லையோ, இந்த விளையாட்டின் மிக உண்மையான பகுதி அதுதான். அதையும் பலர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கடக்கிறார்கள்.

வணிகம் இந்த ஊடகத்துக்கு விசுவாசமாக இல்லை. 2021இல் ‘எலைட் டேஞ்சரஸ்’ஸின் ‘ஒடிஸி’ விரிவாக்கம் வந்தபோது கோளில் இறங்கி நடக்கும் வசதி கிடைத்தது. நடக்கத் தொடங்கியதும் ஹெட்செட்டுக்குள் ஒரு தட்டைத் திரைதான் தெரிந்தது. கப்பலில் மெய்நிகர், தரையில் சினிமா. சில ஆயிரம் ரூபாயல்ல, லட்சத்தை எட்டும் கணினி வாங்கி அமர்ந்தவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

கொடைக்கானலில் 1904இலிருந்து எடுத்த சூரியப் படங்கள் இருக்கின்றன. கால்சியம் ஒளியிலும் எடுத்தார்கள். கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் எண்மயமாக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. ஹெட்செட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. நாள்தோறும் எடுத்த படங்களை ஒரு கோளத்தின்மேல் போர்த்தினால், ஆண்டுகளை ஜாய்ஸ்டிக்கால் முன்னும் பின்னும் நகர்த்தி, பதினொரு ஆண்டுச் சுழற்சியில் கரும்புள்ளிகள் பெருகிக் குறைவதைச் சூரியனுக்கு மேலே மிதந்தபடி பார்க்கலாம். மேகம் மூடிய நாள்கள் காலியாக இருக்கும். பழனி மலையின் மழைக்காலத்தில் அப்படி நாள்கள் நிறையவே உண்டு. மறுபக்கம் போனால் சிக்கல் வரும். பூமியிலிருந்து சூரியனின் ஒரு பாதிதான் தெரியும், அது ஒருமுறை சுற்றிவர 27 நாளாகிறது. ஆகவே மறுபாதிக்குக் கையில் இருப்பது இரண்டு வாரம் வரை பழைய படம். அதைச் சாம்பல் நிறத்தில் தேதி போட்டுக் காட்டுவதா, கணினியை விட்டு நிரப்பச் சொல்வதா என்பதை இதைச் செய்ய முன்வருபவர் முதல் வாரத்திலேயே முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.