காட்டூரில் யார் கேட்கிறார்கள்?

காட்டூரில், தஞ்சாவூர் மெயின் ரோட்டை ஒட்டி எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். காலை ஷட்டரைத் தூக்கியதும் எஃப்.எம்மைப் போட்டால், ராத்திரி ஷட்டரை இறக்கும்வரை ஓயாது. பேன்ட் நீளம் குறைக்கப் போயிருந்தபோது, "எந்த ஸ்டேஷன் இது?" என்று சும்மா கேட்டுவைத்தேன். அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். எண்கள் எப்போதோ அழிந்துபோயிருந்தன. "சூரியனா, ஹலோவா... தெரியல சார். பையன் வெச்சுட்டுப் போனது. பாட்டு ஓடுது, அவ்வளவுதான்" என்றார்.

இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தினம் பன்னிரண்டு மணி நேரம் ரேடியோ கேட்கிறவர் என்றா, கேட்காதவர் என்றா? சிரிக்காதீர்கள். எந்த ஸ்டேஷனுக்கு எவ்வளவு விளம்பரப் பணம் என்பது இந்தக் கேள்வியின் பதிலில்தான் தொங்குகிறது.

நம் நாட்டில் இதை முறையாக அளக்க 2007-ல் டாம் மீடியா ரிசர்ச் நிறுவனம் ஓர் ஏற்பாடு செய்தது. பெயர் 'ராம்'. ரேடியோ ஆடியன்ஸ் மெஷர்மென்ட் என்பதன் சுருக்கம். ராமாயணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேர்ந்தெடுத்த சில நூறு பேரிடம் ஆளுக்கொரு டைரி. நாளைக் கால் கால் மணியாகக் கட்டம் போட்டிருப்பார்கள். எந்தக் கட்டத்தில் எந்த ஸ்டேஷன், வீட்டிலா, வண்டியிலா என்று டிக் அடிக்க வேண்டும். வாரம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

லீவு நாள் கையெழுத்துப் பயிற்சி நோட்டை நாமெல்லாம் எப்படி எழுதினோம்? பள்ளிக்கூடம் திறக்கும் முந்தின நாள் ராத்திரி, ஒரே மூச்சில்! டைரியும் பல வீடுகளில் அப்படித்தான் நிரம்பும் என்று சத்தியம் செய்யத் தயார். அப்போது நோட்டில் விழுவது காதில் விழுந்தது அல்ல. மனசில் நிற்கும் பெயர். எஃப்.எம். அறிவிப்பாளர்கள் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தங்கள் ஸ்டேஷன் பெயரைக் கத்துவது ஏதோ உற்சாகத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தல் நமக்கில்லை, டைரி நிரப்பப் போகிறவருக்கு.

அமெரிக்கர்கள் மனிதனை நம்பவேண்டாம், மெஷினை நம்பலாம் என்று முடிவு செய்தார்கள். ஆர்பிட்ரான் என்ற நிறுவனம் பேஜர் மாதிரி ஒரு சின்னப் பெட்டியை அதே 2007-ல் ஃபிலடெல்ஃபியா, ஹூஸ்டன் நகரங்களில் ஆட்களின் இடுப்பில் மாட்டிவிட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத சங்கேதம் ஒன்றைக் கலந்து அனுப்பும். பெட்டி அதை ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்ளும். சலூனில் ஓடும் பாட்டும் கணக்கில் வரும். நம் தையல்காரர் இந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டால் உலக மகா ரேடியோ ரசிகர்!

வந்ததும் ரகளை. கறுப்பர்களும் ஸ்பானிஷ் மொழிக்காரர்களும் கேட்கும் ஸ்டேஷன்களின் எண்ணிக்கை தடாலென்று விழுந்தது. பெட்டி மாட்டத் தேர்ந்தெடுத்த ஆட்களே சரியில்லை என்று நியூயார்க், நியூஜெர்ஸி அட்டர்னி ஜெனரல்கள் 2008-ல் வழக்குப் போட, மறு வருஷமே சமரசம் ஆனது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சங்கேதம் சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டுதான் பயணிக்கும். ஸ்டேஷன் இடைவிடாமல் இரைச்சலாக இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். நிதானமாக, நடுவில் யோசித்து, மூச்சுவிட்டுப் பேசுகிறவரின் மௌனத்தில் அது ஒளிய இடமில்லை. சங்கேதத்தை உரக்க ஒலிக்கச் செய்ய 'வோல்டேர்' என்று ஒரு கருவியையே பிறகு விற்றார்கள், வாங்கவும் செய்தார்கள். ஆக, அளக்க வந்த கோல், அளக்கப்படும் துணியைத் தன் வசதிக்குக் கிழித்துக்கொண்டது.

நம் ஊருக்கு வருகிறேன். 'ராம்' வாராவாரம் தொடர்ந்து அளந்தது மும்பை, டெல்லி, பெங்களூர், கொல்கத்தா நான்கையும்தான். சென்னைக்கே இடமில்லாதபோது திருச்சி எங்கே, காட்டூர் எங்கே! 2023 அக்டோபரில் மத்திய அரசு எஃப்.எம். விளம்பரங்களுக்கான தன் அடிப்படை விலையைப் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆக்கியது. ஊருக்கு ஊர் விலை மாறும்: ஜனத்தொகையும், இந்தியன் ரீடர்ஷிப் சர்வே சொல்லும் நேயர் எண்ணிக்கையும் சேர்ந்து தீர்மானிக்கும். பெயரைக் கவனியுங்கள். பத்திரிகை படிப்பவர்களை எண்ணப் பிறந்த சர்வே அது. பேப்பர், டி.வி., சோப்பு, ஷாம்பு எல்லாம் விசாரித்துவிட்டு ரேடியோவையும் விசாரிப்பார்கள். அப்போது கையிலிருந்ததும் 2019-ம் வருஷத்துக் கணக்கு. நடுவில் ஒரு கொரோனாவே வந்து போயிருந்தது.

சர்வே இல்லாத காலத்தில் தபால்காரர்தான் மீட்டர். இலங்கை வானொலியின் 'பினாகா கீத்மாலா'வுக்கு வாராவாரம் மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. பீகாரில் அப்போது இருந்த ஜும்ரி தலையா என்ற சின்ன ஊரிலிருந்து நேயர் விருப்பம் கேட்டுக் குவிந்த கார்டுகளால், அப்படி ஓர் ஊர் நிஜமாகவே உண்டா என்று பலருக்குச் சந்தேகம். கார்டு போடாமல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள் அந்தக் கணக்கிலும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த நேயர் கணக்கெடுப்பு நடந்தது நம் பக்கத்தில்தான். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தில் 1966-ல் பண்ணை இல்லப் பிரிவு ஆரம்பித்தார்கள். ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை எப்படி நாற்று விடுவது, எப்போது உரம் போடுவது என்று திருச்சி நிலையம் சொல்லச் சொல்ல, தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் பயிரிட்டார்கள். ஏ.டி.டி.யாவது 27-ஆவது! அந்த நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. டைரி இல்லை, பெட்டி இல்லை. இதே தஞ்சாவூர் ரோட்டில் கிழக்கே போனால் விரியும் வயல்களில் பச்சைப் பசேலென்று ரேட்டிங் நின்றது. அதை எந்த விளம்பரக் கம்பெனியின் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதையெல்லாம் தையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷினை மிதித்தபடியே தலையாட்டினார். காசு கொடுக்கப்போனபோது, "இப்ப வேணாம் சார், வாங்குறப்ப குடுங்க. நாளைக்கு ஒம்பதுக்கு முன்னாடி வந்துடுங்க. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் இந்த ஏரியாவுல கரன்ட் இல்லயாம், அயர்ன் பண்ண முடியாது" என்றார்.

"யாரு சொன்னா?"

"காலைல ரேடியோல சொன்னானே சார், நீங்க கேக்கலியா?"