காட்டப்படாத ஆசனங்கள்: பேஸ்போல் ஒளிபரப்பும் அது பற்றிய நூல்களும்

ஐக்கிய அமெரிக்காவின் முதன்மைக் கழகங்களுக்கிடையிலான பேஸ்போல் ஆட்டமொன்று முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது 1939 ஆகஸ்ட் 26ஆம் திகதியாகும். புறூக்ளினில் நடைபெற்ற அவ்வாட்டத்துக்கு இரு கமெராக்களே இருந்தன. வர்ணனையாளர் றெட் பார்பர். வானொலி நேயர் எதனையும் காணார். ஆதலின், ஓட்ட எண்ணிக்கையைக் கூற மறவாதிருக்கும் பொருட்டு மூன்று நிமிட மணற்கடிகாரமொன்றை அருகில் வைத்துப் பேசியவர் அவர். தொலைக்காட்சியிலோ வர்ணனையாளரின் அதிகாரம் சுருங்கிற்று. காண்பது எதுவென்பதைக் கமெரா தீர்மானித்தது; கமெராவை எங்கே திருப்புவதென்பதை வேறொருவர் தீர்மானித்தார்.

இவ்வதிகாரத்தை நூல்கள் எங்ஙனம் நோக்குகின்றன? 1987இல் வெளிவந்த கேர்ட் சிமித்தின் 'வொய்சஸ் ஒவ் த கேம்' வர்ணனையாளர் வரலாற்றை விரிவாகக் கூறுவது, அன்புடன் எழுதப்பட்டது. அந்த அன்பே அதன் குறையுமாகும். குரல்கள் போற்றப்படுமிடத்து, அக்குரல்களுக்கு ஊதியம் வழங்கியோர் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றனர். வோக்கர், பெலமி ஆகிய இருவரும் 2008இல் வெளியிட்ட 'சென்ரர் பீல்ட் ஷொட்' இக்குறையை ஈடுசெய்கின்றது. ஒளிபரப்பு உரிமை எவ்வாறு பண்டமாயிற்று என்பதே அதன் அக்கறை. வாசிப்பதற்குச் சற்று வரட்சியானதெனினும் பயன் அதிலேயே மிகுதி. அந்நூலின் தலைப்பே ஒரு கமெராக் கோணத்தின் பெயராகும். மைதானத்தின் பின்னெல்லையிலிருந்து நோக்கும் அக்கோணத்தில் பந்தெறிபவரின் முதுகும், துடுப்பாளரும், அவருக்குப் பின்னே பந்தைப் பிடிப்பவரும் தெரிவர். பந்தின் பாதையை இதனினும் தெளிவாகக் காட்டும் கோணம் வேறில்லை. ஆயினும் களத்தடுப்பில் நிற்கும் ஒன்பதின்மருள் எழுவர் அதில் இல்லை! பந்து எறியப்படுமுன் அவர்கள் இடம் மாறி நிற்பதிலேயே ஆட்டத்தின் சிந்தனை வெளிப்படுகின்றது என்பதை வீட்டிலிருப்போர் அறியார்.

காட்டாது விடுதல் எப்போதும் கோணத்தின் குறையன்று. 1966 செப்டெம்பர் 22ஆம் திகதி நியூயோர்க் யாங்கீ மைதானத்திற்கு வந்தோர் 413 பேர் மாத்திரமே. ஒருகாலத்தில் வெற்றிமேல் வெற்றி குவித்த யாங்கீஸ், அப்பருவத்தில் பத்துக் கழகங்கள் கொண்ட தன் பிரிவில் கடைசி இடத்தையே பெற்றது. வெற்றாசனங்களைக் காட்டுமாறு பார்பர் கேட்டார், கமெரா திரும்பவில்லை. ஆட்டத்தைவிட அவ்வெறுமையே அன்றைய செய்தியெனக் கருதிய அவர் அதனைச் சொல்லாற் கூறினார். சில நாட்களில் அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதென அறிவிக்கப்பட்டது. அவரது நீக்கத்திற்கு அதுவொன்றே காரணமா என்பது விவாதத்திற்குரியது. எனினும், கழகத்தின் பெரும்பங்கை 1964இல் வாங்கியிருந்தது சீ.பீ.எஸ். என்னும் ஒளிபரப்பு நிறுவனமே என்பதை விமர்சகர் மறத்தலாகாது. விற்பனைக்குரிய பண்டத்தின் பழுதை விற்பவரின் ஊழியரே விளம்புவதை எந்த உடைமையாளர் விரும்புவார்?

பார்பரைத் துணிச்சல்மிக்க தனிமனிதராக மட்டும் காட்டி அமைவது சிமித் வழிவந்த எழுத்துக்களின் இயல்பு. அவரை நீக்கும் வல்லமை எங்கிருந்து வந்ததென்ற வினாவுக்கு 'சென்ரர் பீல்ட் ஷொட்' போன்ற நூல்களிலேதான் விடை தேடவேண்டியுள்ளது. திரையில் இடம்பெறாத அன்றைய ஆசனங்களோ பார்பரின் சொற்களாலும், பின்வந்த எழுத்துக்களாலுமே நிலைத்துள்ளன.