பாரிஸிலிருந்து விடைபெற்ற இமாம்

அயல்நாடு சென்று மீண்டோர் எழுதிய பயண நூல்கள் பலவற்றை நாம் படித்திருக்கிறோம். புறப்பட்ட நாளின் கலக்கம், கப்பலேறிய காட்சி, புதிய நகரத்தை முதன்முதல் கண்டபோது எழுந்த வியப்பு ஆகியவை அவற்றில் பக்கம் பக்கமாக விரியும். திரும்பி வரும் கட்டமோ பெரும்பாலும் இரண்டொரு வரிகளில் முடிந்துவிடும். கல்வி கற்கச் சென்ற ஒருவனின் பயணத்தில் நம் கவனத்துக்கு மிகவும் உரியவை அந்தக் கடைசி நாட்களே என்பது நமது கருத்து. கற்றவற்றுள் எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, எடுத்துச் செல்வதை ஊராருக்கு எந்தச் சொற்களில் எடுத்துரைப்பது என்று அவன் தன்னுள்ளே கணக்குப் பார்க்கும் நாட்கள் அவை.

அத்தகைய கணக்கை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்துச் சென்றவர் எகிப்திய அறிஞர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. அவருடைய 'தக்லீஸுல் இப்ரீஸ் ஃபீ தல்கீஸி பாரீஸ்' என்னும் நூல் கி.பி. 1834இல் கெய்ரோ நகரின் பூலாக் அச்சகத்தில் வெளியாயிற்று. அதனை நவீன அரபு உரைநடையின் முன்னோடி என்று போற்றுவோர் பலர். பாரிஸ் மாநகரின் வீதிகளையும் உணவையும் நாடக அரங்குகளையும் அவர் வருணித்த பகுதிகளே அதிகம் பேசப்படுகின்றன. நூலாசிரியர் விடைபெறும் காலத்தைக் காட்டும் பகுதிகளை மட்டும் இங்கு எடுத்துக்கொண்டு நோக்க விரும்புகிறோம்.

தஹ்தாவி 1801இல் மேல் எகிப்தின் தஹ்தா என்னும் ஊரில் பிறந்தார், அல்-அஸ்ஹரில் கற்றார். ஆட்சியாளர் முஹம்மது அலீ பாஷா 1826இல் ஏறத்தாழ 40 மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பியபோது, அவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாக இவரும் உடன் சென்றார். கண்டதையெல்லாம் எழுதிவைக்குமாறு ஆசிரியர் ஷைகு ஹஸன் அல்அத்தார் அறிவுறுத்தியிருந்தார். மற்றவர்கள் ஆட்சிமுறை, போர்க்கலை, மருத்துவம் முதலியவற்றைக் கற்க, இமாமாகச் சென்றவர் பிரெஞ்சு மொழியில் தேர்ந்து மொழிபெயர்ப்பாளராக உருவெடுத்தார். சொந்தச் செலவில் ஆசிரியர் அமர்த்தினார். இரவெல்லாம் படித்து இடக்கண்ணின் ஒளி குன்றியது. மருத்துவர் தடுத்தும் அவர் படிப்பை நிறுத்தவில்லை.

ஐந்தாண்டுக் கல்வியின் முடிவில், 1830 அக்டோபரில், இறுதித் தேர்வு வந்தது. மாணவர்களின் மேற்பார்வையாளரான ஜோமார், நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பில் உடன் சென்றவர், எகிப்தை நன்கறிந்தவர். அவர் கூட்டிய அறிஞர் சபையின் முன் தஹ்தாவி தாம் மொழிபெயர்த்த 12 படைப்புகளை வைத்தார். புவியியல், கனிமவியல், வடிவகணிதம், பல்வேறு சமூகத்தாரின் பழக்கவழக்கங்கள் எனப் பல துறைகள் அவற்றில் அடங்கும். தமது பயண நூலின் கைப்பிரதியையும் காட்டினார்.

அந்தச் சபையினரின் மதிப்பீட்டைத் தஹ்தாவி தம் நூலிலேயே சேர்த்துள்ளார். அதில் ஒரு குறிப்பு நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. மாணவர் சில இடங்களில் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் உவமையை மாற்றிவிடுகிறார் என்கின்றனர் தேர்வாளர். மூலநூல் அறிவை வளமிக்க சுரங்கமாக உருவகித்திருக்க, இவரோ முத்தெடுக்கும் கடலாக்கி எழுதியிருக்கிறாராம். இருப்பினும் பொருள் கெடவில்லை என்று அவர்கள் நிறைவு கொண்டனர்.

இதனை ஒரு சிறு குறிப்பென்று கடந்துசெல்ல நமக்கு மனம் வரவில்லை. அரபு மொழியில் சுரங்கம் என்ற சொல் இல்லாத குறையால் அவர் இவ்வாறு செய்தார் எனக் கூற இயலாது. தம் நூலுக்கே பசும்பொன்னைப் பிரித்தெடுத்தல் என்ற பொருளில் பெயரிட்டவர் அவர். தம்மவர் நெஞ்சில் அறிவு என்றதும் எழும் படிமம் கடல் என்பதை அறிந்தே அவர் இந்த மாற்றத்தைச் செய்திருக்க வேண்டும். முத்துக்குளிப்பின் நினைவு இன்னும் மாறாத காயல், கீழக்கரை வாசகர்களுக்கு இதனை நாம் விளக்கவேண்டியதில்லை. பிறர் மொழியில் கற்றதைத் தன் மக்களின் நினைவிலுள்ள பொருளைக் கொண்டு உரைப்பவனே மொழிபெயர்ப்பாளன். தாயகம் திரும்பும் மாணவனிடம் நாம் எதிர்பார்க்கும் முதல் தகுதியும் இதுவே.

ஆயினும் உவமைக்குப் பொருந்தும் உரிமை கருத்துக்கும் பொருந்துமா? இவ்விடத்தில்தான் தஹ்தாவியோடு நாம் மாறுபட வேண்டியிருக்கிறது. பிரான்சின் 1814ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தை அவர் தம் நூலில் மொழிபெயர்த்துத் தந்துள்ளார். சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் விதியைப் பாராட்டி விளக்குகிறார். பிரெஞ்சுக்காரர் சுதந்திரம் என்று விரும்பிக் கூறுவது நம்மிடையே நீதி என்றும் நடுவுநிலை என்றும் வழங்குவதே என்பது அங்கு அவர் தரும் விளக்கம். சுரங்கத்தைக் கடலாக்கிய அதே கை, சுதந்திரத்தை நீதியாக்கியிருக்கிறது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அக்கால அரபு வாசகனுக்கு 'ஹுர்ரிய்யத்' என்ற சொல் பெரும்பாலும் அடிமையல்லாத நிலையையே குறித்தது. அச்சொல்லை அப்படியே எழுதியிருந்தால் கெய்ரோவில் பலருக்குப் பொருள் விளங்கியிராது. நீதி என்றாலோ அல்-அஸ்ஹரின் இளம் மாணவனுக்கும் விளங்கும். எனினும் இரண்டும் ஒன்றல்ல. நீதி, நல்ல மன்னன் வழங்கக்கூடியது; தீய மன்னன் மறுக்கக்கூடியது. பாரிஸ் மக்கள் அவாவிய சுதந்திரமோ மன்னனின் குணத்தை நம்பி நிற்காதது. 1830 ஜூலையில் மன்னர் பத்தாம் சார்லஸ் பத்திரிகைகளின் வாயடைத்து மக்கள் அவையையும் கலைத்தபோது, மூன்றே நாட்களில் மக்கள் அவரை அரியணையிலிருந்து இறக்கியதைத் தஹ்தாவி கண்ணாரக் கண்டார். மன்னரின் அமைச்சர்கள் அவ்வாண்டின் குளிர்காலத்தில் விசாரிக்கப்பட்டதையும் விரிவாக எழுதினார். இவ்வளவையும் கண்டவர் சுதந்திரத்துக்கு நீதியென்று பெயர் சூட்டியபோது, கடலுக்கும் சுரங்கத்துக்கும் உள்ளதினும் பெரிய இடைவெளி அங்கே விழுந்துவிட்டது என்றே கருதுகிறோம்.

மற்றொரு குறை இதனினும் நம் நெஞ்சை உறுத்துகிறது. அதே 1830 ஜூலை 5ஆம் நாள் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. ஒரு முஸ்லிம் நாடு வீழ்ந்த செய்தி, வென்றவரின் தலைநகரிலிருந்த இந்த இமாமின் செவியில் விழாதிருக்குமா? விழுந்தது, நூலிலும் இடம்பெற்றது. அப்போர் அரசியல் விவகாரங்களாலும் வணிகப் பூசல்களாலும் செருக்கினாலும் விளைந்தது என்று சுருக்கமாகக் கூறிவிட்டு அவர் அப்பால் செல்கிறார். இவ்வெற்றியைச் சமய வெற்றியாகக் கொண்டாடிய பாரிஸ் பேராயரை மட்டும் கண்டிக்கிறார். சமயப் போரென்று கருதி வெறுப்பை வளர்க்கலாகாது என எண்ணினாரோ, பிரான்சின் நட்பை நாடிய பாஷாவின் மனம் நோகுமென்று அஞ்சினாரோ, நாமறியோம். அல்ஜீரிய மக்கள் மீண்டும் விடுதலை காண 1962 வரை காத்திருக்க நேர்ந்ததை அறிந்த நமக்கு, அந்தச் சில வரிகளைச் சலனமின்றிப் படிக்க முடியவில்லை.

விடைபெறும் வேளையில் அவருக்கு வந்த கடிதங்களும் நூலில் உள்ளன. அவற்றுள் கீழைமொழிப் பேரறிஞர் சில்வெஸ்தர் த சாசியின் கடிதம் குறிப்பிடத்தக்கது. கைப்பிரதியைப் படித்த சாசி அதனைப் போற்றிவிட்டு, இரு குறைகளையும் சுட்டுகிறார். ஆசிரியரின் சமயச் சார்பு சிற்சில இடங்களில் தலைகாட்டுகிறது என்பது ஒன்று; பாரிஸ் போன்ற பெருநகரத்தாரை மட்டும் கண்டுவிட்டுப் பிரெஞ்சுக்காரர் அனைவரையும் அவர் எடைபோடுகிறார் என்பது மற்றொன்று. முதற்குறையைக் குறையென நாம் ஒப்பவேண்டியதில்லை. தன் கண்ணால் காணாமல் பிறர் கண்ணால் காண்பவன் பயண நூல் எழுதத் தேவையில்லை. இரண்டாவது குறை முற்றிலும் பொருந்துவதே. இன்றைய பயண நூலாசிரியர்கள் பலரையும் அது பற்றி நிற்கிறது. தம்மைக் குறைகூறிய கடிதத்தையும் மறைக்காமல் தம் நூலிலேயே அச்சேற்றிய தஹ்தாவியின் நேர்மையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். முகவுரைகளில் புகழுரைகளை மட்டுமே அடுக்கும் வழக்கமுடையோர் இதனைக் கவனிப்பது நன்று.

ஹி. 1246, ரமளான் மாதம். கி.பி. 1831ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தஹ்தாவி பாரிஸை விட்டுப் புறப்பட்டார். நூலின் முடிவுரை இப்பயணத்தைப் பற்றியது. பிரிவின் கண்ணீரை எதிர்பார்த்து அதனுள் நுழைபவர் ஏமாறுவர். அங்கு நாம் காண்பது வாதமும் சிந்தனையுமே. வழியில் ஃபோன்தென்புளோ என்னும் ஊரில் ஒரு நினைவுத் தூணைக் காண்கிறார். அரியணைக்கு மீண்ட போர்போன் குலத்தாரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்து, புரட்சிக்குப் பின் அழிக்கப்பட்டிருந்தன. அத்தூண் அவருடைய நினைவைத் தாயகத்துத் தூண்களின்பால் செலுத்துகிறது. எகிப்தின் பழங்காலக் கற்றூண்கள் முன்னாளில் ரோமாபுரிக்கும், தம் காலத்தில் பாரிஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டதை எண்ணுகிறார். எகிப்து நாகரிகத்தின் பாதையில் இறங்கிவிட்ட இக்காலத்தில், முன்னோர் விட்டுச்சென்ற அழகுப் பொருள்களுக்கு அந்நாடே உரியது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்வது பிறர் நகையைப் பறித்து அணிவதை ஒக்கும் என்பது அவர் தீர்ப்பு.

இவ்வரிகளின் துணிவை உணர, ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். லக்ஸர் கோயிலின் தூணைப் பிரான்சுக்கு அன்பளிப்பாக வழங்கியவர் வேறு யாருமல்லர். தஹ்தாவியைப் படிக்க அனுப்பிய அதே முஹம்மது அலீ பாஷாதான். அத்தூணை ஏற்றிவரப் பிரெஞ்சுக் கப்பல் தூலோன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டதும் 1831ஆம் ஆண்டிலேயே. அறிவை ஏற்றிக்கொண்டு மாணவர் எகிப்துக்குத் திரும்பிய ஆண்டில், எகிப்தின் கல்லை ஏற்றிக்கொள்ளப் பிரான்சிலிருந்து கப்பல் சென்றது. 1836 அக்டோபர் 25ஆம் நாள் அத்தூண் பாரிஸின் கொன்கோர்த் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டது. இன்றும் அங்கேயே நிற்கிறது. புரவலரின் கொடையைப் பறித்தலுக்கு ஒப்பிட்டு, அந்தப் புரவலரின் அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டது எளிய செயலன்று. அது வீண்போகவுமில்லை. தொல்பொருள்கள் நாட்டை விட்டுச் செல்வதைத் தடுக்கும் ஆணையைப் பாஷா 1835இல் பிறப்பித்தார். அவற்றைத் திரட்டிக் காக்கும் பொறுப்பும் தஹ்தாவியிடமே வந்து சேர்ந்தது.

அப்படியாயின், கல்லுக்காகப் பேசியவர் அல்ஜியர்ஸ் நகருக்காக ஏன் பேசவில்லை என்ற வினா எழவே செய்யும். நூலை இருமுறை படித்தும் அதற்கு நிறைவான விடை நமக்குக் கிட்டவில்லை. தாயகத்தை நெருங்க நெருங்க அவர் குரலில் உறுதி கூடிற்று என்று மட்டும் கூறத் தோன்றுகிறது. பாரிஸில் விருந்தினராக அடக்கிக்கொண்டதைத் திரும்பும் வழியில் உரிமையாளராகச் சொல்லியிருக்கலாம்.

பின்னாளில் அவர் மொழிகள் கல்லூரியை நிறுவி, மொழிபெயர்ப்பாளரின் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். புதிய ஆட்சியாளர் முதலாம் அப்பாஸ் அக்கல்லூரியை மூடி, 1850இல் அவரைக் கார்ட்டூமுக்கு அனுப்பினார். அங்கிருந்து 1854இல்தான் மீள முடிந்தது. அத்தனிமையில் அவர் மொழிபெயர்த்தது ஃபெனலோனின் 'தெலெமாக்'. இளவரசனுக்கு நல்லாட்சி கற்பிக்கும் நூல். நீதியை மன்னனிடம் எதிர்பார்த்தவர், ஒரு மன்னனின் விருப்பின்மையால் நாடுகடத்தப்பட்டுக்கிடந்தபோதும் மன்னனுக்கு அறிவுரை கூறும் நூலையே கையிலெடுத்தார். பாரிஸில் அவர் விட்டுவந்த அந்தச் சொல்லின் அருமை அப்போது அவருக்குப் புலப்பட்டிருக்குமோ என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நம் இளைஞர்களும் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்கின்றனர், சான்றிதழ்களோடு திரும்புகின்றனர். பெட்டியைக் கட்டும் முன் தஹ்தாவியின் இறுதித் தேர்வை அவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்ப்பார்களாக. சுரங்கத்தைக் கடலாக்கும் ஆற்றலை அவரிடம் கற்கட்டும். எந்தச் சொல்லை அவ்வாறு மாற்றக்கூடாது என்பதையும் அவர் நூலிலிருந்தே கற்கட்டும்.