வளரி கைக்குத் திரும்புமா?

மருது சகோதரர்களின் வளரி பகைவனை வீழ்த்திவிட்டு எறிந்தவர் கைக்கே திரும்பும் என்று எழுதுகிறார்களே, அதைச் சற்று ஆராய்வோம். சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளிவந்த தம் நூலில், 100 கஜத்துக்குள் அது குறி தப்பாது என்றே வியக்கிறார்.

திரும்பும் பூமராங் இலேசானது. செங்குத்தாகச் சுழலும்போது அதன் மேற்கை காற்றை அதிக வேகத்தில் வெட்டுகிறது. கீழ்க்கை குறைந்த வேகத்தில். இந்த விசை வேறுபாடே சுழலச்சைத் திருப்பிப் பாதையை வளைக்கிறது. எதிலாவது மோதினால் சுழற்சி போயிற்று. பிறகு ஏது திரும்புதல்? ஒரு முனை கனத்த வளரி பாய்ந்து தாக்குவதற்கானது. அதைக் குறையென்று நினைப்பானேன்?

திரும்புவதுதான் வேண்டுமென்றால் ஒட்டுப்பலகையில் பூமராங் செய்யுங்கள். வலக்கைக்காரர் எதிர்காற்றுக்குச் சுமார் 45 பாகை வலப்புறமாக வீச வேண்டும். காற்று பலத்தால் அதன் கைகளில் ரப்பர் வளையம் சுற்றுங்கள். இழுவை கூடி, காற்றோடு போய்விடாமல் நிற்கும்.