முப்பது விநாடி

வாலிபால் ஆட்டத்தில் என் கண் பந்தைவிட்டு விலகும் நேரம் ஒன்று உண்டு: பயிற்சியாளர் டைம் அவுட் கேட்கும்போது. ஒரு செட்டில் ஓர் அணிக்கு இரண்டே முறை. ஒவ்வொன்றும் 30 விநாடி. தண்ணீர் குடித்து முகம் துடைக்கவே பாதி போய்விடும். மிச்சத்தில் என்ன சொல்ல முடியும்?

அங்கேதான் கைத்திறன். தேர்ந்தவர் பத்துக் குறைகளை அடுக்கமாட்டார்; ஒன்றே ஒன்று சொல்வார்: "குறுக்கே பிளாக் நிக்குது, கோட்டோரமா அடி." வரிசையாக மூன்று சர்வீஸை எடுக்கத் தவறிய பையனிடம் பந்தைப் பற்றிப் பேசவே மாட்டார், தோளில் கை வைத்து நிற்பார். சில சமயம் பேச்சே தேவையில்லை. எதிரணியில் சர்வீஸ் போட்டுப் பின்னியெடுப்பவனின் கைச்சூடு ஆறினால் போதும்.

இதற்கு ஒரே அச்சு கிடையாது. பிரேசில் ஆண்கள் அணியின் பயிற்சியாளர் பெர்னார்டினோ ஓரத்தில் நின்று கொதிப்பார், கத்துவார். 2004, 2016 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம். அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த கார்ச் கிராலி நிதானமானவர். டோக்கியோவில் அந்த அணியின் முதல் ஒலிம்பிக் தங்கம் அவர் காலத்தில்தான் வந்தது.

முப்பது விநாடியில் பலிக்கும் சொல் முப்பது விநாடியில் பிறந்ததல்ல. யாருக்கு அதட்டல் உறைக்கும், யார் அதட்டினால் சுருங்கிப்போவான் என்று அதிகாலை மைதானத்தில் மாதக்கணக்காகப் பார்த்து வைத்த கணக்கு அது. அடுத்த டைம் அவுட்டில் டீ வாங்க எழுந்து போகாதீர்கள்; உட்கார்ந்து பாருங்கள்.