நடுவில் ஓர் இருக்கை

“மை மதர் கேவ் மீ எ மேங்கோ” என்று கரும்பலகையில் எழுதினால், கெங்கவல்லிப் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குக் கீழே எஸ், வி, ஐஓ, டிஓ என்று மளமளவென்று எழுதிவிடுவார்கள். வினையைப் பார்த்து ‘எதை?’ என்று கேட்டால் வருவது டைரக்ட் ஆப்ஜெக்ட், ‘யாருக்கு?’ என்று கேட்டால் வருவது இன்டைரக்ட் ஆப்ஜெக்ட். இந்தச் சூத்திரத்தில் தப்பில்லை, மதிப்பெண் வாங்கித் தரும். ஆனால் வாக்கியத்தின் ருசி இதற்கு அப்பால் இருக்கிறது.

அந்த ‘மீ’ எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். கொடுத்தலுக்கும் மாம்பழத்துக்கும் நடுவில். தமிழில் ‘எனக்கு’ என்பதை வாக்கியத்தில் எங்கே தூக்கி வைத்தாலும் ‘கு’ கூடவே வந்து காப்பாற்றும். ஆங்கிலத்தில் அந்த ‘மீ’ இருக்கும் இடத்தில் ‘தி பாய்’ என்று போட்டால், அதற்கு அப்படி ஒட்டு எதுவும் கிடையாது. நடுவிலே உட்கார்ந்தால்தான் அவன் வாங்குகிறவன். இடமே உருபு.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் கதை வேறு. அன்று அதற்கும் நம்மைப் போல வேற்றுமை உருபுகள் இருந்தன. ‘ஹினெ’ என்றால் அவனை, ‘ஹிம்’ என்றால் அவனுக்கு. காலப்போக்கில் உருபுகள் தேய்ந்தன, ‘ஹினெ’ வழக்கொழிந்தது, ‘ஹிம்’ இரண்டு வேலையையும் ஏற்றுக்கொண்டது. இன்று “ஐ சா ஹிம்” என்கிறவர், தன்னை அறியாமல் ஒரு பழைய நான்காம் வேற்றுமையைத்தான் இரண்டாம் வேற்றுமையாக உச்சரிக்கிறார்.

இன்றைய ஆங்கிலத்தில் வாங்குகிறவரைக் கடைசியில் வைத்து, முன்னால் ‘டு’ போட்டும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுதானே என்று பாடத்தை முடித்துவிடுவார்கள். ஒன்றில்லை. நுட்பமே அங்கேதான்.

கெங்கவல்லி வட்டத்தில் உள்ள தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் வாகனங்களும் செய்வார்கள். ஒரு மரக்குதிரை முடிந்து அனுப்பப்படுகிறது என்று வையுங்கள். “ஹி சென்ட் எ ஹார்ஸ் டு தி டெம்பிள்” சரி. “ஹி சென்ட் தி டெம்பிள் எ ஹார்ஸ்” அதுவும் சரி. கோயிலை எடுத்துவிட்டு ஊரைப் போடுங்கள். “ஹி சென்ட் எ ஹார்ஸ் டு கெங்கவல்லி” சரி. “ஹி சென்ட் கெங்கவல்லி எ ஹார்ஸ்” என்றால் ஆங்கிலக் காது முகம் சுளிக்கும். கெங்கவல்லி என்று அங்குள்ள அலுவலகத்தையோ ஆட்களையோ குறித்தால் மட்டும் ஒத்துக்கொள்ளும். காரணம், அந்த நடு இருக்கை பொருளைப் பெற்றுத் தனதாக்கிக்கொள்ளக் கூடியவருக்கு மட்டுமே. ஊர் வெறும் இடம், கோயில் உடைமையாளர். நம் ஊரில் சாமி பேரில் பட்டாவே இருக்கிறதே! தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘கு’தான்: கோயிலுக்கு, கெங்கவல்லிக்கு. இந்த ஒரு பேதத்தை ஆங்கிலம் சத்தமில்லாமல், வெறும் வரிசையாலேயே காட்டிவிடுகிறது. எத்தனை சிக்கனம்!

மொழியியலாளர்கள் இன்னொரு சாயலையும் சொல்வதுண்டு. “ஐ டாட் தெம் இங்கிலீஷ்” என்றால் அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்ற தொனி மெல்லக் கேட்கும். “ஐ டாட் இங்கிலீஷ் டு தெம்” என்றால் நான் நடத்தினேன், அவ்வளவே. எந்த வாக்கியம் தனக்குப் பொருந்தும் என்று ஆசிரியர்கள் தனியாக இருக்கும்போது யோசித்துக்கொள்ளலாம்.

எல்லா வினையும் இந்த இருக்கையைத் தராது. டெல், ஷோ, சென்ட் போன்ற பழைய வீட்டுச் சொற்கள் தரும். லத்தீன் வழி வந்த எக்ஸ்பிளெய்ன், சஜஸ்ட், டொனேட் பெரும்பாலும் தராது. ‘ப்ராமிஸ்’ போன்ற சில மட்டும் எப்படியோ தருகின்றன. நம் பிள்ளைகள் “சார், எக்ஸ்பிளெய்ன் மீ திஸ் சம்” என்பது இந்த இடத்தில் வரும் சறுக்கல்தான்.

நம்மிடமும் இதற்கு இணையான அழகு உண்டு. வாங்குகிறவர் யார் என்பதைத் தமிழ் வினைக்குள்ளேயே வைத்தது. தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தருதல்’, படர்க்கைக்குக் ‘கொடுத்தல்’ என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. கேட்கிறவர் தாழ்ந்தவரானால் ‘ஈ’, ஒத்தவரானால் ‘தா’, உயர்ந்தவரானால் ‘கொடு’ என்றும் வகுக்கிறது. பேச்சில் இந்த வரம்பு இன்று கலைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தந்தான்.

ஆனால் தமிழால் ஆகாத ஒன்றை ஆங்கிலம் செய்கிறது. வாங்குகிறவரை எழுவாயாகவே ஏற்றிவிடும்: “ஐ வாஸ் கிவன் எ ப்ரைஸ்.” இதை அப்படியே ‘நான் பரிசு கொடுக்கப்பட்டேன்’ என்று எழுதினால், என்னையே யாரோ பரிசாகத் தூக்கிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

ஆங்கிலம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எஸ், வி, ஐஓ, டிஓ எழுதி முடித்ததும் அடுத்த பாடத்துக்கு ஓடாதீர்கள். அதே வாக்கியத்தை இரண்டு வரிசையிலும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். கோயிலை வைத்து ஒருமுறை, ஊரை வைத்து ஒருமுறை.